நொச்சிவலசைப் படகில் ஏழு தலை

ஆகஸ்ட் 21, வியாழன்

ஐஸ் கம்பெனியில் பன்னிரண்டு நாள் லீவு கேட்டேன். எதற்கு என்றார் மேனேஜர். படகுப் போட்டிக்குச் சுக்கான் பிடிக்கப் போகிறேன் என்றேன். அதுதான் போன வருஷத்தோடு முடிந்துவிட்டதே என்றார். யார் சொன்னது என்று கேட்டதற்குப் பதில் வரவில்லை, லீவு வந்தது.

விஷயத்தை எழுதி வைக்கிறேன். திருவிழாப் பாய்மரப் போட்டியில் எங்கள் புதுக்குடா ஊர்ப் படகுக்குப் பதினான்கு வருஷம் சுக்கான் பிடித்தவன் இந்த இன்னாசிமுத்து. ஐந்து முறை முதலிடம். போன வருஷம், கடலில் நட்ட கொடியைச் சுற்றாமல் அதற்கு உள்ளேயே படகைத் திருப்பிவிட்டேன் என்று எங்களைத் தள்ளுபடி செய்தார்கள். கொடியை எவனோ நகர்த்தி வைத்திருந்தான் என்பதுதான் என் கருத்து. ஊரில் அதைக் கேட்க ஆளில்லை. கூட்டம் போட்டு, சுக்கானை என் அக்கா மகன் ராயப்பனிடம் கொடுத்துவிட்டார்கள். நான் தோளில் தூக்கித் திரிந்த பயல். போகட்டும்.

பத்து நாளைக்கு முன் நொச்சிவலசையிலிருந்து ராக்கம்மாள் என்ற பெண் போன் செய்தாள். எங்கள் ஊருக்குச் சுக்கான் இல்லை, நீங்கள் வர வேண்டும், ஆட்கள் ஆறு பேர் தயார், ஆனால் பாய்ப்படகு ஓட்டிப் பழக்கமில்லை என்றாள். பழக்கிக்கொள்ளலாம் என்றேன். ராயப்பனுக்குப் பின்னால் போய் அவன் காதில் விழும்படி இருமிவிட்டு முந்த வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

ராமநாதபுரத்தில் வேறு ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டேன். பஸ்ஸில் இப்போதெல்லாம் ஊர்ப் பெயரை எறும்பு மாதிரி எழுதுகிறார்கள். திரும்பி வந்து நொச்சிவலசை போய்ச் சேர நான்கு மணியாகிவிட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

ஆறு பேரும் பெண்கள்.

கரையில் வரிசையாக நின்று வணக்கம் சொன்னார்கள். ஆட்கள் எங்கே என்று கேட்டேன். நாங்கதான் என்றாள் ராக்கம்மாள். ஐம்பதை நெருங்கும் வயது, அதிகம் பேசாத முகம். ஊர் ஆண்கள் எல்லாரும் கேரளாப் பக்கம் விசைப்படகு வேலைக்குப் போயிருக்கிறார்களாம். கரையில் மிஞ்சியது கிழவர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இவர்களும்தான். இவர்களுக்குத் தீவுகளைச் சுற்றி முங்கிக் கடல்பாசி எடுக்கிற தொழில்.

பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தேன். சாயங்காலம்தான் என்றார்கள். அதற்குள் சாப்பாடு வந்தது. பாறைமீன் குழம்பு. சாப்பிட்ட பிறகு ஒருவரிடம் முகத்தை முறித்துக்கொண்டு போவது நன்றாக இல்லை. பஸ் வந்து போய்விட்டது.

ஆகஸ்ட் 23, சனி

இவர்கள் ஏன் இந்த வம்பில் இறங்கினார்கள் என்பது இன்று புரிந்தது.

போட்டியில் படகு விடுகிற ஊருக்குத்தான் கரைக் கமிட்டியில் நாற்காலி. எந்த நாள் யார் வலை விடுவது, எந்த நாள் யார் பாசி எடுப்பது எல்லாம் அங்கேதான் முடிவாகும். நொச்சிவலசை இரண்டு வருஷமாகப் படகு விடவில்லை. நாற்காலி காலி. அந்த இரண்டு வருஷமும் மற்ற ஊர்க்காரர்கள் தங்களுக்கு வேண்டாத நாட்களாகப் பார்த்துப் பாசிக்கு ஒதுக்கிவிட்டார்கள். நீரோட்டம் இழுத்து, தரை கலங்கி, கையை நீட்டினால் விரல் தெரியாத நாட்கள். ஒச்சம்மாள் என்பவள் கணுக்காலைக் காட்டினாள். கலங்கலில் பாறை அறுத்த தழும்பு நீளமாக இருந்தது. மூன்றாவது வருஷமும் விடாவிட்டால் நாற்காலி நிரந்தரமாகப் போய்விடும்.

ஜெயிக்க வேண்டாமா என்று கேட்டேன். கரை ஏறினால் போதும் என்றாள் ராக்கம்மாள். எனக்கு அது போதாது. அவளிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. மாதா மன்னிக்கட்டும்.

இன்று பாசி நாள், பயிற்சி கிடையாது என்றார்கள். சும்மா உட்காருவானேன் என்று நானும் தீவுக்குப் போனேன். சேலைக்கு மேல் ஆண்கள் சட்டை, விரல்களில் துணிச்சுற்று, உள்ளங்காலில் கயிற்றால் கட்டிய அலுமினியத் தட்டு. இதுதான் வேஷம். பார்க்கச் சிரிப்பு வந்தது. தண்ணீருக்குள் போன பிறகு சிரிப்பு போய்விட்டது. ஒச்சம்மாள் உள்ளே போனாள், நான் என் மூச்சையும் அடக்கிப் பார்த்தேன். எனக்கு மார்பு வெடித்தது. அவள் அதற்கப்புறமும் நிதானமாக, இரண்டு கை நிறையப் பாசியோடு வந்தாள். நாற்பது வருஷம் கடலோரத்தில் இருந்தவன் நான். கடலின் மேல்தோலை மட்டும்தான் தெரிந்துவைத்திருக்கிறேன்.

திரும்பும்போது படகில் பாசி ரொம்பிவிட்டது. இரண்டு பேர் கேட்காமலே தண்ணீரில் இறங்கிப் படகோடு நீந்தி வந்தார்கள். சரக்குக்கு இடம், ஆளுக்குக் கடல். அதை அவர்கள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

கமிட்டி ஆபீசில் பெயர் கொடுத்தோம். செயலாளர் வீரபாகு நோட்டை மூடி வைத்துக்கொண்டு, பெண்கள் ஏறலாமா என்று யோசித்தார். ஏறக்கூடாது என்று விதி இருக்கிறதா என்றேன். தேடினார். இல்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று யாரும் நினைக்காததால் எழுதாமல் விட்டிருக்கிறார்கள்.

விதி மூன்றுதான். ஏற்கெனவே ஒரு போட்டியாவது ஓட்டிய ஒருவர் படகில் இருக்க வேண்டும். அதற்குத்தான் நான். ஏறின தலை எத்தனையோ அத்தனையும் கரை ஏற வேண்டும், ஒன்று குறைந்தாலும் படகு கணக்கில் இல்லை. கரை தொடும்போது சுக்கான் யார் கையில் இருக்கிறதோ அவர் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், அந்த வருஷத்து நாற்காலி அவருக்கு. அந்தக் காலத்தில் சுக்கான்காரன் மயங்கி விழுந்து வேறு ஒருவன் படகைக் கொண்டுவந்தானாம். அன்று வந்த விதி.

ஆக நாற்காலியில் நான் உட்கார வேண்டியிருக்கும். மாதம் ஒரு தடவை வந்து பேசிவிட்டுப் போகலாம். புதுக்குடாக்காரர்கள் எதிரே உட்கார்ந்து பார்க்கட்டும்.

ஏழு தலை என்று எழுதிக்கொண்டார்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று பலகைப் பயிற்சி. படகுக்குக் குறுக்கே, தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பலகை. பாயில் காற்று அடைத்துப் படகு ஒரு பக்கம் சாயும்போது, மறுபக்கம் பலகையில் ஏறிப் போய் எடை கொடுக்க வேண்டும். இவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? படகு சாய்ந்ததும் ஆறு பேரும் வாத்து மாதிரி கடலில் குதித்துவிட்டார்கள். சாய்ந்த படகை விட்டு இறங்குவதுதான் அவர்கள் பழக்கம். நான் ஒருவன் மட்டும் சுக்கானோடு கவிழ்ந்தேன்.

கத்தினேன். நாகவள்ளி என்பவள், முப்பத்தைந்து வயதிருக்கும், வாய் ஓயாதவள், தண்ணீரில் மிதந்தபடியே, அண்ணே, மொதல்ல உங்க வேட்டியப் பிடிங்க, அது போகுது என்றாள். திரும்பிப் பார்த்தால் வேட்டி ராமேஸ்வரம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

ஒன்பது தடவை கவிழ்ந்தோம். ஒருத்தி முகத்திலும் பயம் இல்லை. புது ஆண்களை வைத்துப் பழக்கியிருக்கிறேன், இரண்டாவது கவிழ்ப்புக்கே வயிற்று வலி என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆகஸ்ட் 27, புதன்

இடுப்பு வலி. தைலம் தேய்த்துக்கொண்டேன். கவிழ்ந்தது இரண்டு தடவை மட்டும்.

ஆகஸ்ட் 28, வியாழன்

ஆறு பேரில் மூன்று பேர் ஓரகத்திகள், ஒரே வீட்டு மருமக்கள். தரையில் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, ஏதோ ஆட்டுக்கல் தகராறு. பலகையில் ஏறிவிட்டால் மூன்று இடுப்பும் ஒரே நேரத்தில் நகர்கிறது. என் பழைய ஆட்களுக்கு இது வர மூன்று வருஷம் ஆனது. ஒச்சம்மாள் தண்ணீரை வாரிப் பாயில் அடிக்கிற அழகை இன்றெல்லாம் பார்க்கலாம். துணி நனைந்தால்தான் காற்று ஒழுகாமல் நிற்கும். பாயின் உச்சிவரை எட்டும்படி அடிக்கிறாள்.

நாகவள்ளியின் வாய்தான் சகிக்கவில்லை. சுக்கானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அந்தா வலை மிதவை கெடக்கு, இங்கிட்டுத் திட்டு இருக்கு, எதுத்தாப்ல ஒரு படகு வருது என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே வருகிறாள். எனக்குத் தெரியாதா? அவளைப் பாய்க்குப் பக்கத்தில் போகச் சொன்னேன். அவள் அங்கேயே இருக்கட்டும் என்றாள் ராக்கம்மாள். படகு அவள் வீட்டுப் படகு, நான் என்ன சொல்ல?

சும்மா இருக்கிற கைக்கு வேலை கொடுப்போம் என்று நாகவள்ளிக்குச் சுக்கான் பிடிக்கிற விதத்தைச் சொல்லிக்கொடுத்தேன். காற்றுக்கு எப்போது கொடுப்பது, எப்போது மறுப்பது, கைக்கு எப்படித் தெரியும் என்பதெல்லாம். நாலு கேள்வி கேட்டாள், நாலும் சரியான கேள்வி.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ராயப்பன் பயிற்சிக்கு வந்தவன் என்னைப் பார்க்க வந்தான். காலைத் தொட்டுக் கும்பிட்டான். மரியாதையான பிள்ளைதான், இல்லை என்று சொல்லவில்லை. போகும்போது தணிந்த குரலில், மாமா, கண்ணு இப்ப எப்படி இருக்கு என்று கேட்டான். உன் கண்ணைப் பார்த்துக்கொள் என்று அனுப்பிவிட்டேன்.

ராக்கம்மாள் மீன் உலர்த்திக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள்.

ஆகஸ்ட் 30, சனி

எடைக்கு மணல் மூட்டை பன்னிரண்டு கட்டினோம். ஓரகத்திகள் சாக்கை இரட்டைத் தையல் போட்டுத் தைத்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினெட்டுப் படகு. பத்து மணிக்கு வெடி போட்டார்கள். கரையில் பெரிய சிரிப்பு, எங்களைப் பார்த்துத்தான். சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி மேலே ஆண்கள் சட்டையோடு ஆறு பேர். அரை மைல் போவதற்குள் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. மேற்கிலிருந்து கச்சான் காற்று பக்கவாட்டில் அடித்தது. ஓரகத்திகள் பலகையின் நுனிக்கே போய் முதுகு தண்ணீரைத் தொடும்படி சாய்ந்தார்கள். ஒச்சம்மாளும் ராக்கம்மாளும் மாறி மாறிப் பாயை நனைத்தார்கள். ஒவ்வொரு படகாக விட்டோம். நாலாவது, மூன்றாவது. முன்னால் ராயப்பன். அவன் பாயின் சிவப்பை மட்டும் பார்த்துக்கொண்டு அவன் பின்னாலேயே போனேன். என் வாழ்க்கையில் இத்தனை நல்ல ஆட்கள் எனக்கு வாய்த்ததில்லை. பத்து நாளைக்கு முன் பாயின் மேல் எது கீழ் எது என்று தெரியாதவர்கள்.

கொடிக்குப் பக்கம் போனபோது ராயப்பனும் அவனோடு முன்னால் போன படகும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். இரண்டு பாயும் சிவப்பு. எது எவன் என்று தெரியவில்லை. வெயில் தண்ணீரில் தகரம் மாதிரி அடித்தது. கொடி எங்கேயோ இருந்தது. நான் கண்ணைச் சுருக்கினேன், கையை வைத்து மறைத்தேன், வெறும் வெள்ளைதான். கை தானாகச் சுக்கானைத் திருப்பத் தொடங்கியது. போன வருஷமும் கை இப்படித்தான் தானாகத் திருப்பியது.

நாகவள்ளி என் காதருகே வந்தாள். இதுவரை கேட்காத குரலில் மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, கொடி தெரியுதா?"

பதினான்கு வருஷத்துப் பெயர் அந்த ஒரு கேள்வியில் தொங்கியது. தெரியுது என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

"தெரியல தாயி" என்றேன்.

இரண்டு வருஷமாகத் தெரியவில்லை. போன வருஷம் கொடியை யாரும் நகர்த்தவில்லை.

அவள் கொடியைப் பார்த்தபடி, இன்னும் நூறு பாகத் தூரம் நேரே, இப்ப லேசா இடப்பக்கம், பொறுங்க, பொறுங்க, இப்பத் திருப்புங்க என்று வரிசையாகச் சொன்னாள். கொடிக்கம்பு என் வலது கைக்கு எட்டும் தூரத்தில் போனது. அப்போதுதான் பார்த்தேன். மூன்றாவதாகவே திரும்பினோம். இரண்டாவது ராயப்பன்.

பாதி வழி வந்ததும் காற்று குறைந்துவிட்டது. பாய் தளர்ந்தது. எல்லாப் படகிலும் மணல் மூட்டையைத் தள்ளிவிட ஆரம்பித்தார்கள். நானும் படகு கனமாக இருக்கிறது, குறையுங்கள், சீக்கிரம் என்று கத்தினேன். தொப்பென்று சத்தம் கேட்டது. படகு லேசானது. ராயப்பனை நெருங்கினோம். இருமலாமா என்று நினைத்தேன்.

மூட்டை எத்தனை போச்சு என்று கேட்டேன். மூட்டை எல்லாம் பத்திரமா இருக்கு அண்ணே, ராக்கு மதினியும் ஒச்சம்மாளும் எறங்கிட்டாக என்றாள் நாகவள்ளி.

சரக்கைப் போட்டுவிட்டு ஆள் உட்கார்ந்து வருகிற வழக்கம் அவர்களுக்குக் கிடையாது. படகு கனத்தால் ஆள் இறங்கும். மூட்டையைத் தள்ளச் சொல்லி நான் ஒரு நாளும் பழக்கவில்லை. தப்பு என்னுடையது. பாசிப்படகோடு நீந்தி வருவது போல வரலாம் என்று இறங்கியிருக்கிறார்கள். ஆனால் பாய்ப்படகு லேசானதும் அவர்களை விட்டு ஓடிவிட்டது. அவர்கள் பின்தங்கியதை நான் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது.

ஏழு தலை. ஐந்தோடு கரை ஏறினால் நாற்காலி போயிற்று. திரும்பினால் ராயப்பன் போயிற்று. ஒரு நிமிஷம் யோசித்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் யோசித்தேன்.

படகைத் திருப்பினேன். பின்னால் வருகிற படகுகள் எல்லாம் எங்கள் மேல் வருகின்றன. அவற்றின் நடுவே தண்ணீரில் இரண்டு தலை, தேங்காய் அளவுக்கு. எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர்கள் மேலேயே படகை ஏற்றிவிட்டால்? சுக்கானை நாகவள்ளி கையில் கொடுத்தேன்.

போட்டியில் நான் சுக்கானை விட்டது அதுதான் முதல் தடவை. அவள் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. இரண்டு படகுக்கு நடுவே நூல் பிடித்த மாதிரி கொண்டுபோய், அவர்கள் பக்கத்தில் பாயைத் தளர்த்தி நிறுத்தினாள். நான் ஒரு மணல் மூட்டையைப் போல ஓரத்தில் உட்கார்ந்து கையை நீட்டி ராக்கம்மாளை இழுத்தேன். தப்பாப் போச்சாண்ணே என்றாள் அவள். இல்லை தாயி, மூட்டையைத் தள்ளுங்கள் என்றேன். பன்னிரண்டும் போயின.

சுக்கானைத் திரும்ப வாங்கியிருக்கலாம். நாகவள்ளியும் நீட்டினாள். நீயே கொண்டுபோ என்றேன்.

பதினொன்றாவதாகக் கரை ஏறினோம். ராயப்பன் முதலிடம். வீரபாகு வந்து தலை எண்ணினார், ஏழு. சுக்கான் யாரு என்று என்னைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே நோட்டை என்னிடம் நீட்டினார். கரை தொட்டபோது சுக்கானில் யார் கை இருந்தது என்று அந்தக் கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. நான் போட்டிருந்தால் ஒருவரும் மறுத்திருக்க மாட்டார்கள், இந்தப் பெண்களும்கூட.

"நான் இல்ல. இந்தப் பிள்ளைதான் கொண்டாந்துச்சு" என்றேன்.

நாகவள்ளி கையெழுத்துப் போட்டாள்.

செப்டம்பர் 1, திங்கள்

கமிட்டிக் கூட்டம். பதினேழு நாற்காலியில் ஆண்கள், ஒன்றில் நாகவள்ளி. நான் வெளியே ஜன்னலோரம் நின்றேன். மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் நாங்கள் பாசி எடுக்கிறோம், அது எந்தப் பன்னிரண்டு நாள் என்று தண்ணீருக்குள் போகிற நாங்கள்தான் சொல்ல வேண்டும் என்றாள். ஒருவர் ஏதோ முணுமுணுத்தார். ராயப்பன் எழுந்து, அவுக சொல்றது சரிதான் என்றான். நாட்கள் மாறின. பயலைப் பற்றி நான் எழுதியதில் பாதியை அடித்துவிட வேண்டும்.

ராக்கம்மாள் பஸ்ஸேற்ற வந்தாள். மனசில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். என் கண் விஷயம் உங்களுக்கு எப்போது தெரியும்? பயிற்சியின்போதா? அதனால்தான் நாகவள்ளியைப் பக்கத்தில் உட்கார வைத்தாயா?

போன வருஷமே தெரியும் என்றாள். அன்று அவர்கள் கொடிக்குப் பக்கத்தில்தான் பாசி எடுத்துக்கொண்டிருந்தார்களாம். என் முகம் கொடியைத் தேடியதைத் தண்ணீரிலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

தெரிந்துமா என்னைக் கூப்பிட்டாய் என்றேன்.

"தெரிஞ்சதுனாலதான் கூப்பிட்டோம். கண்ணு நல்லாத் தெரியிற சுக்கான்னா எங்கள எடைக்கு உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போயி எறக்கி விட்டிருப்பாரு. உங்களுக்கு எங்க கண்ணு வேணும்ல. அப்ப நீங்க எங்களுக்குச் சொல்லிக் குடுத்துத்தானண்ணே ஆகணும்."

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பதினான்கு வருஷம் நான் ஆள் பொறுக்கிப் பொறுக்கிப் படகில் ஏற்றியிருக்கிறேன். என்னை இப்படிப் பார்த்துப் பொறுக்கியவள் இவள் ஒருத்திதான். எனக்கு அவளைக் கும்பிடத் தோன்றியது.

அடுத்த வருஷம் நான் வர வேண்டுமா என்று கேட்டேன்.

"கட்டாயம் வரணும்ணே. கரையில நின்னு பாருங்க."

வருகிறேன் என்றேன். பார்ப்பதென்றால் அதற்குள் கண்ணை டாக்டரிடம் காட்டியாக வேண்டும்.